சிலாவத்துறைக்குப் போன வற்றல்

தூத்துக்குடி
9.3.1973

அன்புள்ள மனுவேல் அண்ணனுக்கு, தங்கை ஹில்டா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யாக ஆரம்பிக்க மனம் வரவில்லை.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி மிளகாய் வற்றல் கிட்டங்கியை மூடிவிட்டார். போன திங்கட்கிழமை காலையில் நாங்கள் அறுபத்திரண்டு பெண்களும் வழக்கம்போலப் போய் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வற்றல் அம்பாரம் இல்லை, வெறும் தரை. அண்ணாச்சி வெளியே வந்து, "சிலோன்காரன் இனிமே நம்ம வத்தல் வேண்டாங்கான். லைசென்சே கிடையாதாம். நான் யாருக்கு அனுப்ப? வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். என் பக்கத்தில் நின்ற சண்முகவடிவு, "அப்ப அங்கன உள்ளவங்க குழம்புக்கு என்னத்தப் போடுவாங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

பதினோரு வருஷம் அந்தத் தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளியிருக்கிறேன். விளாத்திகுளத்துச் சரக்கா எட்டயபுரத்துச் சரக்கா என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். இனி அதை யாரிடம் சொல்ல?

வீட்டில் உங்கள் மச்சானுக்கும் இதே நிலைமைதான். அவர் தண்டலாக ஓட்டுகிற தோணியில் கொழும்புக்குப் போவது பாதிக்கு மேல் வற்றல். இப்போது தோணி சும்மா கிடக்கிறது. தினமும் காலையில் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

நீங்கள் அங்கே இருக்கிறவர். எதற்காக இப்படிச் செய்தார்கள், எத்தனை நாளைக்கு என்று விசாரித்து எழுதுங்கள். ஞானசௌந்தரி மதினிக்கும் குழந்தை ரெஜினாவுக்கும் என் அன்பு.

ஹில்டா


கிளிநொச்சி
2.4.1973

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருந்தது. ஆனால் விஷயத்தை நீ ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறாய்.

இந்த நாடு இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட செத்தல் மிளகாயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வந்தது. அரிசிக்கும் மருந்துக்குமே அந்நியச் செலாவணி போதாதபோது, மிளகாய்க்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் கேட்கிறது. நம் மண்ணில் விளையாதா என்கிறது. விளைகிறது ஹில்டா! கொழும்புக் கடையில் பதினைந்து வருஷம் துணி அளந்தவன் நான். இளவாலையில் பெண் எடுத்தபோது மாமனார் தந்த இந்தக் கிளிநொச்சிக் காணி சும்மா புதர் மண்டிக் கிடந்தது. போன வருஷம் திருத்தி, கிணறு வெட்டி, மிளகாய்க் கன்று நட்டேன். முன்பு விற்ற விலையைப்போல நாலு மடங்குக்குச் செத்தல் போகிறது. கொழும்பு லொறி என் வேலியிலேயே வந்து நிற்கிறது. வியாபாரி என்னை ‘ஐயா’ என்று கூப்பிடுகிறான். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவன் என்னை ஐயா என்கிறான்.

இது சீக்கிரம் மாறாது. மச்சானை வேறு சரக்கு பார்க்கச் சொல்.

இங்கே கையில் காசு இருந்தும் கடையில் துணி இல்லை. உன் மதினிக்கு வாயில் துணிச் சேலை இரண்டு அனுப்பி வைக்க முடியுமா?

மனுவேல்


தூத்துக்குடி
20.6.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வற்றலுக்குச் செத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. உங்கள் மச்சான்தான் சிரித்துக்கொண்டு, "அவன் அந்த ஊர்க்காரனாயிட்டாம்ளா" என்றார். அவர் சிரித்ததோடு சரி, நான் சிரிக்கவில்லை.

உங்களுக்கு நாலு மடங்கு விலை கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத மாட்டேன். அந்தச் செய்தியை வாசித்தது உப்பளத்திலிருந்து வந்து காலைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தபோது. மே மாதம் முதல் நானும் சண்முகவடிவும் உப்பு வாரப் போகிறோம். வற்றல் நெடி மூக்கைத்தான் எரிக்கும். உப்பு காலைத் தின்கிறது. மற்றவர்கள் தீப்பெட்டிக்கு, கல்யாண வீட்டு எச்சில் பாத்திரத்துக்கு என்று சிதறிவிட்டார்கள். ஒருத்தி நாசரேத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அறுபத்திரண்டு பேரில் பாதிப் பேர் எங்கே என்றே தெரியவில்லை.

வாயில் சேலை என்னிடம் ஒன்றுதான் இருந்தது. ஒரே தடவை உடுத்தியது. துவைத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது சேலைக்கு மதினி மன்னிக்க வேண்டும்.

ஹில்டா


கிளிநொச்சி
11.1.1974

ஹில்டாவுக்கு,

சேலை வந்தது. உன் மதினி உடுத்திக்கொண்டு திருப்பலிக்குப் போனாள். எல்லோரும் கேட்டார்களாம்.

ஒரு காரியத்தை நேராகவே எழுதுகிறேன். இரண்டு மாதமாக இங்கே சந்தையில் இந்தியச் செத்தல் தலை காட்டுகிறது. லைசென்ஸ் இல்லாத சரக்கு. வள்ளத்தில் வந்து கரையில் இறங்குகிறது. விலை பாதியாக விழுந்துவிட்டது. இங்கே விவசாயிகளைக் கமக்காரர் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து என்னைப் பார்த்துக்கொண்டே, "இது ஆருடைய ஆக்கள் கொண்டு வாற சரக்கெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இன்னும் நான் இந்தியாக்காரன்தான்.

மச்சான் அந்த வேலையில் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. இருந்தால், வேண்டாம் என்று சொல்.

மனுவேல்


தூத்துக்குடி
22.3.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்காமல் விட்டதற்கு நானும் பதில் எழுதவில்லை. ஆனால் தோணி கட்டிக் கிடக்கும்போது வீட்டில் அடுப்பு எரிவதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஒரு தடவைதான். அதன் பிறகு புதுத் துறைமுகத்தில் கூலி வேலை கேட்டிருக்கிறார். கிடைக்கும் போலிருக்கிறது.

பாஸ்கு ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள், அப்பா காய்ச்சலில் கிடந்த கரைக்கு உங்கள் மச்சான் வருகிறார். மற்றதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். கோவிலில் ரெஜினாவின் புதுநன்மை உடுப்புக்கு என்று மூன்று கெஜம் வெள்ளைத் துணி கொடுத்துவிடுகிறேன். நல்ல துணி. முடிந்தால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக அவரை நீங்கள் பார்க்கவில்லை. கரையில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். "மனுவேலு வருவானாளா?" என்று நேற்றும் கேட்டார். வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹில்டா


கிளிநொச்சி
5.5.1974

பிரியமுள்ள ஹில்டா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கடத்திவிட்டேன். மச்சானைப் பிடித்துவிட்டார்கள். கூட வந்த மூன்று பேரையும்தான். வள்ளமும் சரக்கும் பறிமுதல். அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, கரைக்குப் போக முடியவில்லை. கேள்விப்பட்டதே மறுநாள் மத்தியானம்.

பதினெட்டு மாதம் என்று தீர்ப்பாகியிருக்கிறது. நான் போய்ப் பார்க்கிறேன். சோப்பு, பழம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ கவலைப்படாதே. மாதாவை வேண்டிக்கொள்.

நான் முன்னாலேயே வேண்டாம் என்று எழுதினேன், ஹில்டா.

உன் அண்ணன்
மனுவேல்


தூத்துக்குடி
3.12.1975

மனுவேலுக்கு,

அவர் வந்து சேர்ந்துவிட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டார்களாம்.

வந்த ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "நீ அன்னைக்கு மனுவேலுக்கு என்ன எழுதின?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த லெட்டர நான் பாத்தேம்ளா. பிடிச்ச அன்னைக்கே அவங்க மேசையில கெடந்துச்சு. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உன் பெண்சாதிக்கு எழுத்து நல்லா வருதேன்னு சொல்லிச் சிரிச்சான்" என்றார்.

யாருக்கும் புரியக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். அப்பா முத்துக்குளிக்கப் போய் எந்தக் கரையில் காய்ச்சலில் கிடந்தார் என்பது இந்த உலகத்தில் நமக்கு இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த வரிக்குக் கீழே வேறு மையில் ‘சிலாவத்துறை’ என்று எழுதியிருந்ததாம். பாஸ்கு முடிந்து மூன்றாம் நாள் என்ற இடத்தில் ‘17, புதன்’ என்று இருந்ததாம். உன் எழுத்து அவருக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாக உன் கடிதங்களை எனக்கு முன்னால் பிரித்து வாசிக்கிறவர் அவர்தானே. ‘றை’ எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு சுழி சுழிப்பாய். அதையும் சொன்னார்.

ஜெயிலில் நீ போய் நின்றபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். வெட்கத்தில் அப்படிச் செய்துவிட்டார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவருக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தை என்ன செய்தாய்? அதையும் யாரிடமாவது கொடுத்துவிட்டாயா?

உன் மகளுக்கு அனுப்பிய வெள்ளைத் துணியை உதறிப் பார்த்துவிட்டு ஈர மணலில் விரித்து, அதன்மேல்தான் வற்றல் மூடைகளை அடுக்கினார்களாம்.

இத்தனையையும் பதினெட்டு மாதம் எனக்கு எழுதாமல் மனதிலேயே வைத்திருந்திருக்கிறார். "உனக்கு உள்ளது ஒரு அண்ணன்தானளா" என்கிறார். நான் அழவில்லை. உப்பளத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

ஹில்டா


கிளிநொச்சி
15.1.1976

ஹில்டா,

மறுக்க மாட்டேன். நான்தான் கொடுத்தேன்.

கமக்காரர் சங்கச் செயலாளர் கேட்டு வாங்கவில்லை. நானே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் எழுந்து, "என்ர ஆக்கள் எண்டு சொன்னியள்தானே, இந்தாங்கோ" என்று மேசையில் வைத்தேன். பேச்சிலே நான் அவர்களைப்போலவே ஆகிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது ஒருவர் என் தோளில் கை போட்டார். அதற்காகத்தான் கொடுத்தேனோ என்னவோ.

சரக்கைப் பறித்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதன் பிறகு மச்சான் அந்த வேலைக்கே வரமாட்டார் என்று நினைத்தேன். அடிப்பார்கள், அடைப்பார்கள் என்று நினைக்கவில்லை. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பக்கம் நினைப்பு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

உன் மதினிக்கு இப்போதுதான் சொன்னேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசவில்லை. நீ கேட்ட கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடமும் கொடுக்கவில்லை. திரும்ப வாசிக்கவும் முடியவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒரு வரி எழுது, திட்டியாவது.

மனுவேல்


கிளிநொச்சி
19.2.1978

ஹில்டாவுக்கு,

இரண்டு வருஷத்தில் நான் போட்ட ஆறு கடிதத்துக்கும் பதில் இல்லை. இதுவும் அப்படியே போகலாம். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே அரசாங்கம் மாறியது உனக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சாமானும் எந்த நாட்டிலிருந்தும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கொழும்பு ஜனங்களுக்குக் கொண்டாட்டம். துணி வந்துவிட்டது, ரேடியோ வந்துவிட்டது. செத்தலும் வரப்போகிறதாம். ஒருத்தன் விலை குறையும் என்கிறான், ஒருத்தன் ஏறும் என்கிறான். என்னிடம் போன போகச் சரக்கு அறுபது மூடை இருக்கிறது. கன்றிலும் காய் நிற்கிறது. இப்போதே விற்பதா, பொறுப்பதா என்று தெரியவில்லை. தெரியாமல் விற்றால் வருஷ உழைப்பு போய்விடும், தெரியாமல் வைத்திருந்தாலும் போய்விடும்.

சங்கரபாண்டியன் கிட்டங்கி திறந்துவிட்டது, நீதான் அங்கே மேஸ்திரி என்று தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். உன் கையைத் தாண்டித்தான் சரக்கு கப்பலுக்குப் போகும். எப்போது போகிறது, எவ்வளவு போகிறது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

இதை உன்னிடம் கேட்பது எவ்வளவு வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியும். கேட்க வேறு ஆள் இல்லை.

மனுவேல்


தூத்துக்குடி
6.3.1978

மனுவேலுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். பதில் எழுதக்கூடாது என்று நினைத்தேன். பொய்யாக எழுதிவிடலாம் என்றும் நினைத்தேன். இந்த வருஷம் மழையில் விளாத்திகுளம் பக்கம் காய் எல்லாம் அழுகிவிட்டது, ஒரு மூடைகூட வராது, தைரியமாக வைத்திரு என்று எழுதினால் போதும். நீ அப்படியே உட்கார்ந்திருப்பாய். அந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதியும் பார்த்தேன். உன் மச்சான் பார்த்துவிட்டு எடுத்து அடுப்பில் போட்டார்.

இதுதான் உண்மை. கிட்டங்கியில் இப்போது நூற்றுப்பத்துப் பெண்கள். சண்முகவடிவு திரும்பி வந்துவிட்டாள். விளக்குப் போட்டும் வேலை நடக்கிறது. இம்மாதம் இருபத்தோராம் தேதி கப்பலுக்கு எங்கள் கிட்டங்கியிலிருந்து மட்டும் ஆயிரத்து எண்ணூறு மூடை. ஊரில் இதுபோல ஏழு கிட்டங்கி. ஏப்ரலில் இரண்டு கப்பல். காய் நல்ல காய், நிறம் கெடவில்லை, மழை எங்களை ஒன்றும் செய்யவில்லை. பம்பாய்க்காரர்களும் அங்கேதான் அனுப்புகிறார்கள் என்று அண்ணாச்சி சொல்லுகிறார்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே என்ன விலை என்றாலும் விற்றுவிடு. ஒரு வாரம்கூடப் பொறுக்காதே.

ஹில்டா


கிளிநொச்சி
30.6.1978

ஹில்டா,

உன் கடிதம் மார்ச் பதினைந்தாம் தேதியே கிடைத்தது. நான் விற்கவில்லை.

உன் மதினி அதை வாங்கி வாசித்துவிட்டு, "அவ உண்மைதான் எழுதியிருக்கிறா. இண்டைக்கே குடுத்துவிடுங்கோ" என்றாள். அவளோடு சண்டை போட்டேன். ஹில்டா பழி வாங்குகிறாள், நான் பயந்துபோய் அரை விலைக்குத் தள்ளிவிட்டு அழ வேண்டும் என்று பார்க்கிறாள் என்றேன். சந்தையில் ஒரு வியாபாரி, இந்தியாவில் மழையால் சரக்கே இல்லை, சித்திரை கழிந்தால் விலை ஏறும் என்றான். முன்பின் தெரியாதவன். அவனை நம்பினேன்.

ஏப்ரல் கடைசியில் கொழும்பு லொறி வருவது நின்றது. மே மாதம் செத்தலைக் காவிக்கொண்டு சந்தைக்குப் போனால் கூலிக்குக் காணாத விலை கேட்டார்கள். வண்டு விழுந்து அறுபது மூடையும் தூளாகிவிட்டது. போன கிழமை குழி வெட்டிப் புதைத்தேன். கன்றில் நின்ற காயை ஆய்ந்து பறிப்பதற்கு ஆள் கூப்பிடவில்லை. பக்கத்துக் காணிக்காரர் மிளகாய்த் தோட்டத்தில் மாட்டை அவிழ்த்து விட்டார். மாடுகூடத் தின்னவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் என் தோளில் கை போட்டவர் அவர்தான்.

காணியை மாமனாரிடமே விட்டுவிட்டேன். ரெஜினாவும் தாயும் இளவாலையில் இருக்கிறார்கள். ஒரு தடவை ஊருக்கு வந்து மச்சானை நேரில் பார்க்க வேண்டும். வரலாமா?

மனுவேல்


தூத்துக்குடி
17.7.1978

மனுவேல் அண்ணனுக்கு,

நீ என் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னாய். பயம், ஊர்ப்பேச்சு, விலை. அதையெல்லாம் நான் இரண்டரை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். முழுங்கிவிடலாம் என்றுகூடச் சில நாள் தோன்றியது. ஆனால் நான் எழுதிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நீ நம்பவில்லை என்று எழுதியிருக்கிறாயே, இதற்கு நான் என்ன செய்வது? நீ எனக்குச் செய்ததை நானும் உனக்குச் செய்வேன் என்று நினைத்தாய். அந்த ஒரு வரியில் அண்ணன் என்று எனக்கு இருந்ததும் போய்விட்டது.

அறுபது மூடை புதைத்தாய் என்று வாசித்தபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இருபத்தோராம் தேதி கப்பலுக்குப் போன ஒவ்வொரு மூடைக்கும் தையல் சரிபார்த்தது நான். அங்கே உன்னைப்போல எத்தனை பேர் குழி வெட்டினார்கள் என்று தெரியாது. இங்கே நூற்றுப்பத்துப் பேர் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாளைக்கு அங்கே இன்னொரு அரசாங்கம் வந்து கதவைச் சாத்தினால் நாங்கள் மறுபடியும் உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான். யாரிடம் போய்க் கோபப்பட?

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "வரச் சொல்லு" என்றார். நான் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். "ஏளா, நான்தான ஜெயில்ல கெடந்தேன், நான் சொல்லுதேன், வரட்டும்" என்றார். பாம்பன் வழியாக ரயிலில் வந்து இறங்கு. ஸ்டேஷனுக்கு அவர் வருவார். எனக்குக் கிட்டங்கி இருக்கிறது, வர மாட்டேன். வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன். பேசுவேனா என்று தெரியாது.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. இதுவரை உனக்கு எழுதவில்லை. சிலாவத்துறையில் பிடித்த அன்றைக்கு அடித்த அடியில் அவருக்கு இடது காது போய்விட்டது. காற்றும் அலையும் சரியாகக் கேட்காதவரைத் தோணிக்குத் தண்டலாக வைக்க யாரும் சம்மதிக்கவில்லை. துறைமுகத்தில் மூடை எண்ணுகிறார். ஸ்டேஷனில் அவரைப் பார்த்தவுடன் பின்னால் நின்று கூப்பிடாதே, திரும்ப மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மறுபடியும் எனக்கு எழுதாதே. வலது பக்கமாக வந்து நின்று, என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சத்தமாகச் சொல்.

ஹில்டா